அத்தான் தேடிய ஒரே ஓர் ஆள்

என் அக்காவின் கணவர் ஜெராக்ஸ் மிஷின் மெக்கானிக். விரல் இடுக்கில் எப்போதும் கறுப்புப் பொடி, தோளில் ஒரு பை. பையில் ஸ்க்ரூடிரைவர், பிரஷ், துடைக்கும் துணி, இவற்றோடு ஒரு கட்டு சிடி. மற்ற மெக்கானிக்குகள் வேலை முடிந்ததும் பில்லை நீட்டுவார்கள். அத்தான் பில்லோடு ஒரு சிடியையும் நீட்டுவார். அதன் மேல் மார்க்கர் பேனாவால் குண்டு குண்டாக எழுதியிருப்பார்: "லினக்ஸ். இலவசம். பயப்பட வேண்டாம்."

"பயப்பட வேண்டாம்னு எழுதியிருக்கறதாலதான் அத்தான் எல்லாரும் பயப்படறாங்க. மாத்திரை கவர் மேல 'சாக மாட்டீங்க'ன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா நீங்க முழுங்குவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் அதை யோசித்துப் பார்த்தார். எதைச் சொன்னாலும் யோசித்துப் பார்க்கிற மனிதர் அவர். மறுநாள் பார்த்தால், "லினக்ஸ். இலவசம். நானே வந்து போட்டுத் தருகிறேன்" என்று மாற்றியிருந்தார். அது இன்னும் மோசம்.

அது கம்ப்யூட்டர்கள் பெட்டி பெட்டியாக இருந்த காலம். மானிட்டர் ஒரு குழந்தை அளவு கனக்கும். வேலை முடிந்ததும் தூசி படாமல் துணி போட்டு மூடுவோம். தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர், அதற்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை, சூடான காகித வாசனை. இப்போது அந்த வாசனை எங்காவது வந்தால் நான் நின்றுவிடுகிறேன். அத்தான் உள்ளே மிஷின் மூடியைத் திறந்து தலையை விட்டுக்கொண்டிருப்பார் என்று ஒரு நொடி நம்பிவிடுகிறேன்.

அவர் கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. ஒரு கல்லூரியில் ஜெராக்ஸ் மிஷினைச் சரிசெய்யப் போனபோது, அங்கே லேப் பார்த்துக்கொண்டிருந்தவர், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் சிடி ஒன்றைக் கொடுத்து, "இது யாருக்கும் சொந்தம் இல்ல, உள்ள என்ன இருக்குன்னு யார் வேணாலும் பார்க்கலாம், மாத்தலாம், நாலு பேருக்குக் குடுக்கலாம்" என்றாராம். அத்தானுக்கு அது போதும். அதற்கு அவர் வைத்த பெயர் விடுதலை. மூடியைத் திறக்க முடியாத எந்தப் பொருளையும் அவர் நம்பமாட்டார். வீட்டில் சுவர்க் கடிகாரம் வாங்கினால்கூட முதலில் திறந்து பார்த்துவிட்டுத்தான் மாட்டுவார். அப்படிப்பட்டவருக்கு மூடியே இல்லாத ஒரு சிஸ்டம் கிடைத்தால் கேட்க வேண்டுமா? ஸ்கூட்டர் முன்பக்கம் லினக்ஸின் சின்னமான பென்குயின் படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டினார். தெரு அவருக்குப் பென்குயின் என்று பெயர் வைத்தது. அக்கா மட்டும் கடைசிவரை அந்தப் பறவையைக் காக்கா என்றுதான் சொன்னாள்.

நான் அப்போது வேலை கிடைத்து அவர்கள் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தேன். முதல் பலி நான்தான். என் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆபீஸ் கணக்கு ஃபைலைத் திறந்தபோதுதான் கட்டங்கள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. மேனேஜரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்து, "அத்தான், உங்க விடுதலை எனக்கு வேணாம், வேலைதான் வேணும்" என்று சொல்லிவிட்டேன். அவர் அன்றைக்கே விண்டோஸைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார்.

என்னைப் போல இன்னும் பலர். மருந்துக்கடைக்காரர் முதலில் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். சும்மா குடுக்கறீங்கன்னா இதுல உங்களுக்கு என்ன லாபம்?" என்றார். பிறகு அத்தான் முகத்துக்காகச் சம்மதித்தார். அவருடைய பில் போடும் புரோகிராம் இதில் ஓடவே இல்லை. டியூஷன் டீச்சர் அனுப்பும் பாடங்கள் மற்றவர்கள் கம்ப்யூட்டரில் கோணலாகத் திறந்தன. அத்தான், "டீச்சர், தப்பு நம்ம பக்கம் இல்ல, அவங்க சிஸ்டம்தான் பொது விதிப்படி நடக்கல" என்று விளக்கினார். "ஊர்ல எல்லாருக்கும் நேரா தெரியுது, எனக்கு மட்டும் கோணலா இருக்கு. அப்ப கோணல் யார்கிட்ட சார்?" என்று டீச்சர் கேட்டார்.

எதிர்வீட்டுப் போஸ்ட்மாஸ்டர்தான் பாவம். ரிட்டயர் ஆனவர், அத்தானிடம் பிரியமாக இருந்தவர், ஆர்வமாகக் கற்றுக்கொண்டார். அவர் மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு வெப்கேமரா அனுப்பினான். அத்தான் ஒரு ஞாயிறு முழுக்கப் போராடியும் அது உயிர் பெறவில்லை. "பேரன் முகம் தெரியலைன்னா இது எதுக்குப்பா?" என்று அவர் மெதுவாகத்தான் கேட்டார். அத்தான் அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. யார் வீட்டில் எது நின்றாலும் அத்தானுக்குத்தான் போன் வரும். தெருமுனை ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனால் அவன், "இது என்னன்னே எனக்குத் தெரியாது, அழிச்சிட்டுப் பழசைப் போட்டுடவா?" என்பான். "விடுதலை விடுதலைன்னு சொல்லிட்டு எல்லாரையும் உங்க போன் நம்பர்ல கட்டிப்போட்டுட்டீங்களே அத்தான்" என்றேன். அதையும் யோசித்துப் பார்த்தார்.

நூலகத்து மாடியில் மாதாமாதம் லினக்ஸ்காரர்கள் கூட்டம் நடக்கும். பேராசிரியர்களும் புரோகிராம் எழுதுகிறவர்களும்தான் வருவார்கள். அத்தானும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்காருவார். கூட்டத்தை நடத்தும் தாடிக்காரர் நல்லவர்தான், வாய்தான் சும்மா இருக்காது. ஒரு கூட்டத்தில் அவர் சொன்னார்: "பென்குயின் சார், ஊரெல்லாம் சிடி குடுக்கறீங்க. கம்ப்யூட்டர் படிக்காத சாதாரண ஆள், தன் பிழைப்புக்கே இதை ஒரு வருஷம் விடாம ஓட்டின ஆள், ஒரே ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. அப்ப நான் நம்பறேன்."

அத்தான் அதை மனதில் முடிந்துகொண்டார். அதற்கப்புறம் அவருக்கு அது ஒன்றுதான் ஆசை. ஒரே ஓர் ஆள். வண்டி வாங்க ஆசைப்படவில்லை, வீடு கட்ட ஆசைப்படவில்லை. இப்படியும் ஒரு மனிதனா என்று எரிச்சலாக வரும் எனக்கு.

அந்த ஆளாக இருக்க எல்லாத் தகுதியும் உள்ளவள் அவர் வீட்டிலேயே இருந்தாள். அக்கா பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாள் டைப் அடித்துக் கொடுப்பவள். கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் முடித்தவள். கீபோர்டைப் பார்க்காமல், என்னோடு சண்டை போட்டுக்கொண்டே, ஒரு பிழையில்லாமல் அடிப்பாள். ஆனால் அத்தான் சிடியோடு அவள் டைப் அடிக்கும் அறைப் பக்கம் போனாலே, "ஏங்க, ஊருக்கு என்ன வேணா பண்ணுங்க. என் மிஷின்ல அந்தக் காக்காவை விட்டீங்க, அப்புறம் நடக்கறதே வேற" என்பாள்.

அப்போதுதான் ஒரு பள்ளிக்கூடத்துப் பென்டிரைவிலிருந்து வைரஸ் ஏறி அக்காவின் கம்ப்யூட்டர் படுத்தது. பரீட்சை சமயம். அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எப்படியாவது பழையபடி ஆக்கிக் குடுங்க" என்றாள்.

அத்தான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். நான் டீ கொண்டுபோனபோது திரையைப் பார்த்துவிட்டேன். உள்ளே போட்டுக்கொண்டிருந்தது லினக்ஸ். வெளியே அதற்கு விண்டோஸ் வேஷம் கட்டிக்கொண்டிருந்தார். அதே பச்சைப் புல்வெளிப் படம், அதே இடத்தில் அதே பொத்தான், அதே பெயர்கள், அக்கா பழகிய அதே எழுத்துரு.

"அத்தான், இது அநியாயம்" என்றேன்.

"கத்தாதம்மா. ஒரு வாரம் ஓட்டட்டும். வைரஸ் வராது, பாதியில நின்னு தொங்காது, அவளுக்கே பிடிச்சிடும். அப்புறம் நானே சொல்லிடறேன்" என்றார்.

அக்காவிடம், "புதுசா போட்டிருக்கேன், முகம் கொஞ்சம் மாறியிருக்கும்" என்றார். அக்கா உட்கார்ந்து அடித்தாள். ஓரிரண்டு எழுத்துகள் கட்டம் கட்டமாக வந்தன. அவள் காய் வாங்கப் போன நேரத்தில் அவற்றைச் சரிசெய்தார். பிரிண்டர் முரண்டு பிடித்தது. அதையும் வழிக்குக் கொண்டுவந்தார். அக்காவுக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. "முன்னாடி மாதிரி தொங்கறதே இல்லீங்க, என்ன பண்ணினீங்க?" என்று அவள் பூரித்துப்போய்க் கேட்கும்போதெல்லாம் அத்தான் வாயைத் திறப்பார். அதற்குள் அவளே, "இதை விட்டுட்டு அந்தக் காக்காகிட்ட யாராவது போவாங்களா?" என்பாள். அத்தான் வாயை மூடிக்கொள்வார். நான் சமையலறைக்கு ஓடிப்போய்ச் சிரிப்பேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அக்கா பெருமை அடித்துக்கொண்டதும் அந்த மிஷின் முன்னால் உட்கார்ந்துதான். "எங்க வீட்டுக்காரர் தெருவையே மாத்தப் பார்க்கறார். என் மிஷினை மட்டும் தொட விடல பாருங்க!"

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அத்தான் தேடிய ஆள் கிடைத்தாயிற்று. ஆனால் அந்த ஆளுக்கே அது தெரியாது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்கள். அத்தான் நெய்யைக் கையில் வைத்துக்கொண்டு அதை வெளியே காட்ட முடியாமல் தவித்தார்.

நூலகத்தில் ஆண்டுவிழாக் கூட்டம் வந்தது. எல்லாரும் குடும்பத்தோடு வரவேண்டும் என்றார்கள். "போற வழியில அவகிட்டச் சொல்லிடறேன். அங்க எழுந்து எல்லாருக்கும் சொல்லிடறேன்" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். சட்டையை அவரே இஸ்திரி போட்டார். நாங்கள் மூன்று பேரும் நடந்தே போனோம். வழியில் இரண்டு தடவை, "இந்தாம்மா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தார். அக்கா அவர் காலரைச் சரிசெய்துவிட்டு, "அங்க எல்லாரும் பெரிய படிப்பு படிச்சவங்களா இருப்பாங்களேங்க, நான் ஏதாவது தப்பா பேசிட்டா முழங்கையால இடிங்க" என்றாள். அதோடு அவர் சொல்ல வந்தது நின்றுபோயிற்று.

மேடையில் தாடிக்காரர் மைக்கைப் பிடித்தார். "என்ன பென்குயின் சார், ஆள் கிடைச்சாச்சா?"

அத்தான் எழுந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். அவள் தன் கணவரை எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்ற பெருமையில் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது கையைக் காட்டினால் அவர் ஜெயித்துவிடுவார். கூடவே, தன் கம்ப்யூட்டரில் என்ன ஓடுகிறது என்றுகூடத் தெரியாத பெண் என்று சபை முழுக்க அவளைப் பார்க்கும். "சொல்லுங்க அத்தான்" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தேன்.

"இன்னும் கிடைக்கலீங்க" என்றார்.

சபை சிரித்தது. கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆனாலும் சிரித்தது. யாரோ பின்னாலிருந்து, "வீட்டம்மாவையே மாத்த முடியலையா சார்?" என்றார். சிரிப்பு இன்னும் பெரிதானது. அத்தானும் சேர்ந்து சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அக்கா எழுந்து நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவக்கும். "எதுக்குச் சிரிக்கறீங்க? நான் மாறிக்கறேன். நாளைக்கே மாறிக்கறேன். அடுத்த வருஷம் இதே இடத்துல வந்து நிக்கறேன், அப்பச் சிரிங்க பார்க்கலாம்!" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் அத்தானைப் பார்த்தேன். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டார். போட வேண்டியது எதுவும் இல்லை. வேஷத்தைக் கலைத்தார், அவ்வளவுதான். புல்வெளியை எடுத்துவிட்டு நீலப் படம் வைத்தார். பொத்தான்களுக்கு அவற்றின் சொந்தப் பெயரை வைத்தார். மூலையில் பென்குயின் வந்து உட்கார்ந்தது. எழுத்துரு அதே எழுத்துரு, கீபோர்டு அதே கீபோர்டு, ஃபைல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அக்கா வந்து உட்கார்ந்தாள். அடிக்க ஆரம்பித்தாள். நின்றாள்.

"எழுத்து வேற மாதிரி இருக்கேங்க."

"அதே எழுத்துதாம்மா."

"இல்ல, கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு. கீகூடக் கல்லு மாதிரி இருக்கு."

நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நம்ப முடியவில்லை. பார்க்காமல் அடிக்கிற என் அக்கா ஒரு விரலால் தேடித் தேடி அடித்தாள். தினமும் திறந்த ஃபைலைக் காணவில்லை என்றாள். அது அவள் கண்ணெதிரேயே இருந்தது. பிரிண்ட் எடுப்பது எப்படி என்று தாளில் எழுதிவைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பள்ளிக்கூடம் பிழை என்று கேள்வித்தாளைத் திருப்பி அனுப்பியது. ஆனாலும் விடவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டாளே! ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசியில் ஒரு சாயங்காலம் கீபோர்டைத் தள்ளிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"எனக்கு வராதுங்க. உங்களுக்காக எவ்வளவோ பார்த்தேன். என்னை மன்னிச்சிடுங்க. பழசையே போட்டுக் குடுங்க."

"இதுல மன்னிக்க என்ன இருக்கு? நீ கடைக்குப் போயிட்டு வா" என்றார் அத்தான்.

அவள் வருவதற்குள் புல்வெளி திரும்ப வந்துவிட்டது. அக்கா உட்கார்ந்தாள். விரல்கள் தாமாகவே ஓடின. "அப்பாடா. இதுதான் என் மிஷின்" என்றாள்.

அத்தானை மாடிக்கு இழுத்துப்போய்ச் சண்டை போட்டேன். "சொல்லித் தொலைங்களேன்! உங்களுக்கு வேண்டிய ஆள் இவதான்னு எல்லாருக்கும் தெரியட்டும்!"

அவர் வழக்கம்போல யோசித்தார். "அவ வேலை சுலபமா நடக்கணும்னுதான் போட்டேன். இப்ப நடக்குது. அதுல என் பேரை எழுதி ஒட்டணுமாம்மா?" என்றார். பிறகு, "சொன்னா அவளுக்கு மறுபடியும் கை வராமப் போயிடும். அதையும் பார்த்தோம்ல?" என்றார்.

அடுத்த ஆண்டுவிழா வந்தபோது, "இந்த வருஷம் கூட்டம் இல்லையாம்" என்று அக்காவிடம் பொய் சொன்னார். அவரும் போவதை நிறுத்திக்கொண்டார். சிடி கொடுப்பது மட்டும் நிற்கவில்லை. பிறகு கடைகளில் சிடி போடுகிற கம்ப்யூட்டரே இல்லாமல் போனது. மிச்சமிருந்த சிடிகளை அலமாரியில் வைத்துவிட்டார். பெட்டிக் கம்ப்யூட்டர் போய் மெல்லியது வந்தபோதும் அக்காவுக்குப் புல்வெளி மாறாமல் பார்த்துக்கொண்டார். ஒரு ஜெராக்ஸ் கடையில், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியே போய்விட்டார். எனக்கு இரண்டாவது அப்பா அவர். அதை அவர் இருக்கும்போது ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை, கிண்டல்தான் செய்தேன்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது பள்ளிக்கூடங்களில் அவர்களே டைப் அடித்துக்கொள்கிறார்கள். எப்போதாவது ஒன்றிரண்டு வருகிறது. அடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"என்கிட்ட அவர் எதுவுமே கேட்டதில்லடி. ஊர்ல எல்லார்கிட்டயும் கெஞ்சினார், என்னைக் கட்டாயப்படுத்தினதே இல்ல. நானா வாக்குக் குடுத்தேன். ஒரே ஒரு வாரத்துல கைவிட்டுட்டேன். அதை நினைச்சா ராத்திரியில தூக்கம் வர்றதில்ல. கட்டினவளே கைவிட்டா ஊர்ல எவன் நம்புவான்?"

இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருக்க நான் அத்தான் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வைரஸ் வந்த அன்றிலிருந்து இன்றுவரை அவள் விரல் வைத்ததெல்லாம் லினக்ஸ்தான் என்று சொன்னேன். அவள் அழுத அந்த வாரத்தில் மாறியது படமும் பெயரும் மட்டும்தான் என்று சொன்னேன்.

அக்காவின் மூக்கு சிவந்தது. "திருட்டு மனுஷன்!" என்றாள். எழுந்து அறைக்குள் இங்குமங்கும் நடந்தாள். "அப்ப அந்தக் கூட்டத்துல அத்தனை பேரும் சிரிச்சாங்களே! நான் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்! 'இவதான்'னு என்னைக் கைகாட்ட வேண்டியதுதானே?"

"அத்தனை பேர் முன்னால உன்னை ஏமாந்தவளா நிறுத்த அவருக்கு மனசு வரலக்கா."

"ஏமாந்தா என்னடி? ஊரான்கிட்டயா ஏமாந்தேன்? என் புருஷன்கிட்டதானே!" என்றாள். சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையானது. நான் அவளைப் பிடித்து உட்காரவைத்தேன். வெகுநேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தலையை வாரிக்கொண்டாள்.

"அந்தக் கூட்டம் இப்பவும் நூலகத்து மாடியிலதானே நடக்குது? என்னைக் கூட்டிட்டுப் போ. அந்தத் தாடிக்காரர் முன்னால நான் நிக்கணும்."

அந்தக் கூட்டம் நின்று எவ்வளவோ காலமாகிறது. தாடிக்காரர் எந்த ஊரில் இருக்கிறாரோ, உயிரோடுதான் இருக்கிறாரோ இல்லையோ. நூலகத்து மாடியே இப்போது இல்லை. அதைச் சொன்னேன்.

அக்கா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அப்ப நான் யார்கிட்டடி போய்ச் சொல்றது?" என்றாள்.